ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்? ஆண்டுச் சரக்கு வாங்குவதிலிருந்து அடுப்பை அணைப்பது வரை

என் மனைவி செவிலியர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு மாலைப் பணியோ இரவுப் பணியோ இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என்னுடையது. பன்னிரண்டு வருடமாகச் செய்துவருகிறேன். வீடு மன்னார்குடியில். அம்மா, நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஆக ஐந்து பேர்.

முதல் ஒரு வருடம் திண்டாட்டம்தான். மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். வாங்கி நாலு நாளான வெண்டைக்காய் வதங்கிக் கிடக்கும். கொத்தமல்லி கறுத்திருக்கும். பருப்பு டப்பா காலி. வாரத்தில் மூன்று நாள் கடை பரோட்டாவில் போய் முடியும். ஒருநாள் அம்மா சொன்னார்: "அடுப்பு முன்னாடி நின்னு யோசிக்காதடா. கடைக்குப் போறப்பவே யோசிச்சிடணும்." சமையலைப் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல பாடம் அதுதான். இரவுச் சாப்பாட்டின் பாதி வேலை வாங்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எதை வருடத்துக்கு ஒருமுறை வாங்குவது, எதை மாதத்துக்கு, எதை வாரத்துக்கு என்று பிரித்துக்கொண்டு, முதலில் கெடுவதை முதலில் சமைத்தால் "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முதல் படி: வீட்டின் அளவைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். இரவுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது, பருப்பு எவ்வளவு, காய் எவ்வளவு. இது போதும்.

எங்கள் வீட்டு ஆழாக்கு 140 கிராம் அரிசி பிடிக்கிறது. சாதம் வைக்கும் இரவுகளில் மூன்று ஆழாக்கு போடுகிறேன், 420 கிராம். பெரியவர்களுக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி, பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். கூட்டுக்கு 75 கிராம் பாசிப்பருப்பும் 400 கிராம் காயும். சாம்பாருக்கு 100 கிராம் துவரம் பருப்பு. எண்ணெய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் என்றால் ஐந்து பேருக்கு மாதம் மூன்று கிலோ. உங்கள் வீட்டில் உடலுழைப்பு செய்பவர்கள் இருந்தால் அரிசி இதைவிடக் கூடும். சர்க்கரை நோய்க்காரர்கள் இருந்தால் அரிசி குறைந்து காய் கூடும். என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுதிப் பார்த்து உங்கள் அளவுக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: மாசி முதல் சித்திரை வரை ஆண்டுச் சரக்கு

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. வருடத்துக்குத் தேவையான முக்கியமான சரக்கெல்லாம் ஒரே பருவத்தில், அதுவும் வெயில் ஏறும் நேரத்தில் வருகிறது.

உளுந்திலிருந்து தொடங்குகிறேன். சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களின் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், நெல் வயலில் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். 65, 70 நாளில் காய் முற்றும். ஆகவே பங்குனி, சித்திரையில் களத்திலிருந்து நேராகப் புது உளுந்து கிடைக்கிறது. தெரிந்த விவசாயி ஒருவர் இருந்தால் தோலோடு முழு உளுந்தாக 20 கிலோ வாங்கிவிடுங்கள். புது உளுந்து ஆட்டும்போது பொங்கி வருவதைப் பார்த்தவர்கள் பழைய உருட்டு உளுந்துக்குத் திரும்ப மாட்டார்கள். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறிய பிறகு டிரம்மில் கொட்டி, காய்ந்த வேப்பிலையும் நாலைந்து மிளகாய் வற்றலும் போட்டு மூடுங்கள். சூட்டோடு கொட்டினால் உள்ளே வியர்த்து வண்டு வரும். முதல் வருடம் நான் அந்தத் தவறைச் செய்து ஐந்து கிலோ உளுந்தை இழந்தேன்.

அரிசியில் நேர்மாறு. தையில் அறுத்த புது அரிசி பொங்கலுக்கும் பாயசத்துக்கும் அருமை. சாதத்துக்கு வைத்தால் குழைந்துவிடும். ஆறு மாதமாவது ஆன அரிசிதான் பொலபொலவென்று வடிக்க வரும், சாதமும் கூடுதலாகக் காணும். கடைக்காரரிடம் "பழசா புதுசா" என்று கேட்டே வாங்குங்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கிலோ மட்டும் வாங்கி வடித்துப் பார்த்துவிட்டுச் சிப்பம் எடுங்கள். சாப்பாட்டுக்கு வெள்ளைப் பொன்னியோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏடிடி 43 போன்ற சன்ன ரகமோ நன்றாக இருக்கும். இட்லிக்குக் குண்டு அரிசி வேண்டும், ஏடிடி 37 அதற்கு நல்ல அரிசி. ஒரு எச்சரிக்கை: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்துவிட்டன. அதனால் சிப்பத்தின் விலையை ஒப்பிடாதீர்கள், கிலோ விலையை ஒப்பிடுங்கள்.

புளி, மிளகாய், மல்லி மூன்றும் இதே மாதங்களில்தான் புதுசாக வருகின்றன. புளியைக் கொட்டை, நார் எடுத்து, கல்லுப்பு தூவி, பீங்கான் ஜாடியிலோ மண் பானையிலோ அடைத்து வையுங்கள். அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் வைக்க வேண்டாம், பாத்திரத்தை அரித்துவிடும். ஐந்து பேருக்கு வருடத்துக்கு எட்டுக் கிலோ எங்களுக்குப் போதுகிறது.

குழம்புத் தூள் வீட்டிலேயே தயாராக இருந்தால் இரவுச் சமையலில் கால் மணி நேரம் மிச்சம். எங்கள் வீட்டுக் கணக்கு இது: மிளகாய் அரைக் கிலோ, மல்லி ஒரு கிலோ, துவரம் பருப்பும் கடலைப்பருப்பும் தலா 100 கிராம், மிளகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 50. மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, பருப்பு, வெந்தயம், மிளகு, சீரகத்தை மட்டும் வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் கொட்டிப் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும்.

அந்த வெயிலிலேயே தாளிப்பு வடகமும் போட்டுவிடுங்கள். இடித்த சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, விளக்கெண்ணெய் எல்லாம் பிசைந்து உருண்டை பிடித்து, தினமும் உதிர்த்துக் காயவைத்து மறுபடி உருட்டி, இப்படி ஒரு வாரம் பத்து நாள். மெனக்கெட வேண்டியதுதான். ஆனால் வருடம் முழுக்க ஒரு சிட்டிகை வடகத்தை எண்ணெயில் போட்டாலே குழம்பு மணத்துவிடும். வெங்காயம் உரிக்க நேரமில்லாத இரவுகளில் அது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. மணத்தக்காளி வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர் மிளகாய் ஆகியவற்றுக்கும் இதுவே நேரம்.

ஏன் இவ்வளவு சேர்த்துவைக்கச் சொல்கிறேன் என்றால், 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊரையும் புரட்டிப்போட்டது. மின்சாரம் வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. காய் வரவில்லை, கடைகள் பாதி மூடியிருந்தன, ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் போய்விட்டது. அந்த நாட்களில் ஐந்து பேரும் சாப்பிட்டது டிரம்மில் இருந்த அரிசி, உளுந்து, புளி, வத்தல்தான். அம்மியில் துவையல் அரைத்தோம். ஐப்பசி பிறக்கும்போது பத்து நாள் சரக்கு வீட்டில் இருக்கிறதா என்று இன்றும் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

மூன்றாம் படி: மாதச் சிட்டை

மாதம் பிறந்ததும் முதலில் ரேஷன் கடை. மளிகைக் கடைக்கு அப்புறம்தான் போக வேண்டும், ஏனென்றால் ரேஷனில் என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்துத்தான் மளிகைச் சிட்டை எழுத முடியும். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே ஒரு குடும்பத்துக்கு நல்ல மிச்சம். அதை விடாதீர்கள்.

ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி தோசைக்கு நம்பி ஊறப்போடலாம். நாலைந்து தண்ணீர் கழுவி, கூடுதலாக ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். சில மணிகள் வேறு நிறமாக, கழுவும்போது மிதப்பதைப் பார்த்துப் பிளாஸ்டிக் என்று பயந்து பொறுக்கி எறிபவர்கள் உண்டு. அவை செறிவூட்டிய மணிகள். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து கலப்பது. எறிய வேண்டாம்.

இப்போது மளிகை. எங்கள் சிட்டையில் மாதாமாதம் இருப்பவை: ரேஷனில் கிடைத்தது போக துவரம் பருப்பு ஒரு கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ, கடலைப்பருப்பு அரைக் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, ரவை ஒரு கிலோ, அவல் அரைக் கிலோ, கடுகு 100 கிராம், சீரகம் 200, மிளகு 100, வெந்தயம் 100, சோம்பு 50, பெருங்காயம் 50, நல்லெண்ணெய் ஒரு லிட்டர், கடலை எண்ணெய் ஒரு லிட்டர், கல்லுப்பு ஒரு கிலோ, தூளுப்பு ஒரு கிலோ. இது இரவுக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும்.

சிட்டை எழுதும் முன் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டும். இருக்கிறதென்று நினைத்து விட்டுவிடுவதும், இல்லையென்று நினைத்து இரண்டாவது பாக்கெட் வாங்குவதும்தான் பணம் ஒழுகும் ஓட்டைகள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் செக்கில் வாங்குவதானால் எள்ளும் கடலையும் எப்போது ஆட்டினார்கள் என்று கேட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். நாள்பட்டால் கடலை எண்ணெயில் சிக்கு வாடை வந்துவிடும். மிளகையும் சீரகத்தையும் தூளாக வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கலாம், தூளில் முடியாது.

நான்காம் படி: வாரக் காய்

ஞாயிறு காலை ஆறரைக்கு உழவர் சந்தை. தாமதமாகப் போனால் விலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் கீரையும் வெண்டையும் வதங்கியிருக்கும். முதலில் விலைப் பலகையைப் படியுங்கள். அப்புறம் எதுவும் வாங்காமல் ஒரு சுற்று முழுக்க நடந்துவிட்டு வாருங்கள். எந்தக் காய் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரம் வரத்துக் காய், விலையும் குறைவு, புதுசாகவும் இருக்கும். பட்டியல் எழுதிக்கொண்டு போய் அதில் உள்ளதை மட்டும் தேடுவதைவிட இது நல்ல வழி. நான் பட்டியலில் காய்களின் பெயரை எழுதுவதில்லை. "இரண்டு நாள் தாங்குவது இரண்டு, நாலு நாள் தாங்குவது மூன்று, வாரம் தாங்குவது இரண்டு" என்றுதான் எழுதுவேன்.

இரண்டு நாள் தாங்குபவை கீரை, வெண்டை, பிஞ்சுக் கத்திரி, வாழைப்பூ. நாலு நாள் தாங்குபவை அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கை, முருங்கை, வாழைத்தண்டு. ஒரு வாரமும் அதற்கு மேலும் தாங்குபவை சேனை, சேப்பங்கிழங்கு, உருளை, பரங்கி, வெள்ளைப் பூசணி. வாழைக்காயை இரண்டாம் கூட்டத்தில் வையுங்கள், பழுத்துவிடும்.

பார்த்து வாங்குவது எப்படி? கத்திரிக்காய் கையில் எடுத்தால் அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும். கனத்தால் உள்ளே விதை. காம்பு பச்சையாக, முள் குத்துவதுபோல் இருந்தால் அன்று பறித்தது. வெண்டைக்காய் நுனியைக் கடைக்காரர் முன்னால் ஒடிப்பது சங்கடமாக இருந்தால், கையில் எடுத்து இலேசாக வளைத்துப் பாருங்கள், முற்றல் விறைத்துக்கொண்டு நிற்கும். முருங்கையை முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். வாழைத்தண்டு மெல்லிசானதாகப் பார்த்து எடுங்கள், தடித்த தண்டில் நார் அதிகம். திருவையாறு பக்கத்துக் காவிரிப் படுகை வாழையிலிருந்து தண்டும் பூவும் வருடம் முழுக்கக் கிடைப்பதால் இவை இரண்டும் நம் பகுதியில் என்றும் மலிவு. சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஞாயிறு மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்தால் ஒரு வாழைப்பூ இருபது நிமிடம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பிசின் ஒட்டாது, ஆய்ந்ததை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது.

தக்காளி ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சின்ன வெங்காயம் காய்ந்ததாக அரைக் கிலோ, பெரிய வெங்காயம் ஒன்றரைக் கிலோ. கடைசியில் கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு கேட்க மறக்காதீர்கள். ஒருவரிடமே வாரம் தவறாமல் வாங்கினால், இன்று எதை எடுக்க வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எனக்குக் கீரை தரும் அக்கா, "தம்பி, இது நேத்து பறிச்சது, வேணாம்" என்று என் கையிலிருந்து கட்டை வாங்கி வைத்திருக்கிறார்.

மீன் சாப்பிடும் வீடானால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து மீன் நமக்கு எளிது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடல் மீனுக்கு அலையாமல் குளத்து விரால், கெண்டை, கெளுத்தி பக்கம் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: எது எந்த இரவு

டெல்டாவில் பல வீடுகளில் ராத்திரி கீரை சமைப்பதில்லை. எங்கள் அம்மாவும் தொட மாட்டார். ஆகவே வாங்கிய கீரையைத் திங்கள், செவ்வாய் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுகிறேன். வெண்டையும் கத்திரியும் ஞாயிறு, திங்கள் இரவு. புடலை, அவரை, வாழைத்தண்டு செவ்வாயும் புதனும். வியாழன் உருளை அல்லது சேனை. வெள்ளி காய் தீர்ந்திருக்கும், வத்தக் குழம்பு. சனி அடையோ உப்புமாவோ.

இதில் வாரம் மூன்று இரவு மாவு. ஞாயிறு மதியம் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், நாலு மணி நேரம் ஊறவைத்து மாலை ஆட்டுவேன். சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பொங்கியவுடன் பாதியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துக் கலக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் இட்லி, அடுத்த முறை தோசை, புளித்த பிறகு ஊத்தப்பம் அல்லது பணியாரம்.

ஆறாம் படி: அடுப்படியில் முக்கால் மணி நேரம்

வீட்டுக்குள் வந்ததும், சட்டை மாற்றுவதற்கு முன், மூன்று வேலை: அரிசியைக் களைந்து ஊறப்போடுவது, புளியை வெந்நீரில் போடுவது, பருப்பைக் குக்கரில் ஏற்றுவது. கைகால் கழுவிவிட்டு வரும்போது பாதி தயார். அம்மாவுக்கு வடித்த சாதம்தான் பிடிக்கும், எனக்கும். அரிசி அரை மணி ஊறியிருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு இருபது நிமிடத்தில் வடித்துவிடலாம்.

புடலங்காய்க் கூட்டும் மிளகு ரசமும் நான் அதிகம் சமைக்கும் இரவுச் சாப்பாடு. 75 கிராம் பாசிப்பருப்பை மலர வேகவிடுங்கள், குழையக் கூடாது. பொடியாக நறுக்கிய 400 கிராம் புடலையை மஞ்சள், உப்போடு கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, பருப்பைச் சேர்த்து, கால் மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நாலு பல் பூண்டு. மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் நசுக்கத்தான் வேண்டும், நைசாக அரைத்தால் கசப்பு ஏறும். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு நசுக்கியதைப் போட்டு, தேவையான தண்ணீர் விட்டு, நுரை கட்டி மேலே எழும்பியதும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் ரசம் கெட்டது. நெய்யில் கடுகு, பெருங்காயம் தாளியுங்கள்.

வெள்ளிக்கிழமை வத்தக் குழம்பு. நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், குறைக்காதீர்கள். கடுகு வெடித்ததும் அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேக்கரண்டி துவரம் பருப்பு, பெருங்காயம், அப்புறம் இரண்டு கைப்பிடி மணத்தக்காளி வத்தல். வத்தல் உப்பிக் கறுக்கும்போது அடுப்பைத் தணித்து இரண்டு மேசைக்கரண்டி குழம்புத் தூளை எண்ணெயிலேயே அரை நிமிடம் புரட்டுங்கள். பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கட்டும். வத்தலில் ஏற்கெனவே உப்பு இருக்கும், ஆகவே உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். ஒரு சின்னத் துண்டு வெல்லம். சுட்ட அப்பளமும் பருப்புத் துவையலும் இருந்தால் யாரும் காய் எங்கே என்று கேட்பதில்லை.

இட்லி தோசை இரவுகளில் கும்பகோணம் கடப்பாவைச் செய்து பாருங்கள். சாம்பாரும் சட்னியும் அலுத்துப்போன பிள்ளைகளுக்கு இதைப்போல வேறொன்று கிடையாது. ஐந்து பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பும் நடுத்தர உருளை மூன்றும் குக்கரில் ஒன்றாக வேகட்டும். வெந்ததும் உருளையின் பாதியைக் கையால் உதிர்த்து, மீதியைத் துண்டாக விடுங்கள். கால் மூடித் தேங்காய், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா, ஐந்து பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு, சின்னத் துண்டு இஞ்சி, எல்லாவற்றையும் நைசாக அரைக்க வேண்டும். எண்ணெயில் பட்டை, இரண்டு கிராம்பு, பிரிஞ்சி இலை, நீளவாக்கில் நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி, அரைத்ததைச் சேர்த்து, பச்சை வாசனை போனதும் பருப்பையும் உருளையையும் கொட்டித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். மிளகாய்த்தூளோ மஞ்சள்தூளோ போடாதீர்கள், கடப்பா வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆறினால் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கி, சூடு தணிந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து கொத்தமல்லி தூவுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசந்துவிடும்.

மீன் வாங்கிய அன்று, சட்டியில் நல்லெண்ணெய் விட்டுத் தாளிப்பு வடகத்தைப் பொரித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, குழம்புத் தூள், புளித்தண்ணீர் சேர்த்து நன்றாகச் சுண்டிய பிறகே மீனைப் போட வேண்டும். போட்ட பின் கரண்டியால் கிளறாதீர்கள், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

சனிக்கிழமை அடைக்கு இட்லி அரிசி இரண்டு டம்ளர், துவரை, கடலை, பாசி, உளுந்து எல்லாமாக ஒன்றரை டம்ளர், ஆறு மிளகாய் வற்றல், மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் டப்பாவின் அடியில் மிஞ்சிய பருப்புகளுக்கெல்லாம் அடைதான் வழி. முருங்கைக்கீரை கிடைத்தால் மாவில் உருவிப் போடுங்கள். அந்த ஒரு கீரைக்கு மட்டும் அம்மா ராத்திரியிலும் தடை சொல்வதில்லை.

ஏழாம் படி: அடுப்பை அணைத்த பிறகு

மிஞ்சிய சாதம் ஆறியதும் மண் சட்டியில் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் ஒருவருக்கோ இருவருக்கோ பலகாரம் ஆச்சு. சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு ஆழாக்கு கூடப் போடுவோம். ரசமும் குழம்பும் மிஞ்சினால் கரண்டி போட்டு வைக்காமல், ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தேங்காய் அரைத்த கூட்டை மட்டும் மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பிறகு காய்த்தட்டை ஒருமுறை பாருங்கள். எது வதங்க ஆரம்பித்திருக்கிறதோ அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, நாளை இரவுக்கு அதுதான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். வாழைத்தண்டாக இருந்தால் இப்போதே நறுக்கி மோரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கலாம்.